பென்சில் போய்ச் சேர்ந்த இடம்

நேற்று இரவு பத்தரை மணி இருக்கும். திருப்புதல் தேர்வின் ஆங்கில விடைத்தாள் கட்டில் இருபதைத் தாண்டி, கண் எரிய ஆரம்பித்திருந்த நேரத்தில், ஒரு தாளைத் திருப்பியவன் கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சமையலறையில் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்த என் மனைவியை, "இங்கே கொஞ்சம் வா, இதைப் படித்துப் பார்" என்று கூப்பிட்டேன்.

வந்து படித்தாள். (அவளுக்குத் தபால் நிலையத்தில் வேலை, ஆங்கிலம் அவளுடைய தொழில் அல்ல.) இரண்டு தரம் படித்துவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கு இந்தப் புள்ள?" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் கூட வாருங்கள்.

விஷயம் இதுதான். பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில், அல்ஃபோன்ஸ் தோதே என்ற பிரெஞ்சு எழுத்தாளருடைய 'கடைசிப் பாடம்' என்னும் கதை இருக்கிறது. 1870-71 யுத்தத்தில் பிரஷ்யாவிடம் பிரான்ஸ் தோற்றுப்போன பிறகு, அல்சேஸ், லொரேன் பகுதிப் பள்ளிக்கூடங்களில் இனி ஜெர்மன் மொழிதான் கற்பிக்கப்பட வேண்டும் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. நாற்பது வருஷம் அந்த ஊரில் பிரெஞ்சு கற்பித்த ஹாமெல் என்ற உபாத்தியாயர், விசேஷ நாட்களில் மட்டும் அணியும் உடுப்பை அணிந்துகொண்டு, ஊர்ப் பெரியவர்கள் பின்பெஞ்சுகளில் வந்து மௌனமாக உட்கார்ந்திருக்க, தம் கடைசிப் பாடத்தை நடத்துகிறார். அன்று தாமதமாக வந்த சிறுவனை அவர் கோபிக்கவே இல்லை. ஏன் கோபிக்கவில்லை என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி.

கட்டிலிருந்த தாள்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே விடை. வாக்கியம் ஒன்று, சொற்களின் வரிசை ஒன்று, கைடில் விழுந்திருந்த ஓர் அச்சுப்பிழைகூட அப்படியே, ஒரே இடத்தில். நான் பேனாவைக் கீழே வைத்த தாளில் மட்டும் நான்கே சொற்கள் இருந்தன. வினைச்சொல் இல்லை. நான்கில் ஒன்றுக்கு எழுத்துப்பிழை. தமிழில் சொன்னால், 'விடைபெற்றுப் போகிறவர்கள் கோபிப்பதில்லை' என்று அர்த்தம்.

(பக்கத்துப் பள்ளியோடு விடைத்தாள்களை மாற்றிக்கொண்டு திருத்துகிறோம். ஆகையால் எழுதியது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. முகப்பில் ஓர் எண் மட்டும் இருந்தது.)

விடைக்குறிப்பில் பெர்லின் உத்தரவு என்ற சொல்லும் கடைசிப் பாடம் என்ற சொல்லும் கேட்கப்பட்டிருந்தன. இந்தப் பிள்ளை இரண்டையும் எழுதவில்லை. குறிப்பின்படி கணக்குப் போட்டால் அரை மதிப்பெண்; எழுத்துப்பிழையையும் பார்த்தால் அதுவும் சந்தேகம். ஆனால் கதையை எழுதிய தோதே உயிரோடு வந்து அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால், எந்தத் தாளை எடுத்து மார்போடு அணைத்திருப்பார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நான் இரண்டு போட்டேன்.

போட்ட பிறகுதான் கலக்கம் ஆரம்பித்தது. மனப்பாடம் செய்து பிழையில்லாமல் எழுதிய அத்தனை பிள்ளைகளுக்கும் இரண்டு, இதற்கும் இரண்டு என்றால், நான் அளந்தது எதை? துணி அளக்கிற கோலால் எண்ணெயை அளந்தது போல, ஒரே கோலால் ஞாபகசக்தியையும் ரசனையையும் அளந்துவிட்டு, இரண்டும் சமம் என்று எழுதி வைத்துவிட்டேனா?

நமது பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டில் அவை ஒன்றாக்கப்பட்டன. பெருந்தொற்றினால் 2020-லும் 2021-லும் பொதுத்தேர்வே நடக்கவில்லை என்பதால், ஒற்றைத் தாளை மாணவர்கள் தேர்வறையில் முதன்முதலாகச் சந்தித்தது 2022-ல். ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இரண்டு மதிப்பெண் விடைகள் 10, ஐந்து மதிப்பெண் விடைகள் 10, எட்டு மதிப்பெண் விடைகள் 2, ஆக 100. தேர்ச்சிக்கு 35. உரைநடை, செய்யுள், துணைப்பாடக் கதை, இலக்கணம், கடிதம், விளம்பரம், வழிகாட்டும் வரைபடம், பிழைதிருத்தம், மனப்பாடச் செய்யுள் எல்லாம் அந்த நூற்றுக்குள் அடக்கம். மொழியும் இலக்கியமும் ஒரே இலையில் பரிமாறப்படுகின்றன. சாம்பாரையும் பாயசத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, சமையலுக்கு எவ்வளவு மதிப்பெண் என்று கேட்டால் யார்தான் சொல்ல முடியும்?

வினாத்தாளைத் தயாரிப்பவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தாளில் நல்ல கேள்விகள் இருக்கின்றன. ஆனால் கேள்விக்கும் பிள்ளைக்கும் நடுவே நாங்கள், அதாவது உபாத்தியாயர்கள், ஒரு சுவரைக் கட்டி வைத்திருக்கிறோம். அதில் நானும் பல வருஷங்கள் செங்கல் எடுத்துக் கொடுத்தவன். 'காமன் பாராகிராஃப்' என்று ஒன்று உண்டு. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாடத்தின் பெயருக்கு ஒரு கோடிட்ட இடம், ஆசிரியர் பெயருக்கு ஒரு கோடிட்ட இடம் விட்டு, இந்தப் பாடம் மிகவும் சுவையானது, ஆசிரியர் தம் கருத்தை அழகாகச் சொல்கிறார், இதிலிருந்து நல்ல நீதியைக் கற்கிறோம், எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது என்று ஏழெட்டு வாக்கியங்கள். பறக்கப் பயந்த கடற்பறவைக் குஞ்சின் கதைக்கும் அது பொருந்தும், ஐ.என்.எஸ்.வி. தாரிணி கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்த கடற்படைப் பெண்களைப் பற்றிய பாடத்துக்கும் அது பொருந்தும். எதற்கும் பொருந்துவதால் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாத அந்தப் பத்தியை, மெல்லக் கற்கும் மாணவர்கள் என்று நாங்கள் பிரித்து உட்காரவைத்த பிள்ளைகள், மாலை வேளைகளில் மரத்தடியில் உரக்கச் சொல்லிச் சொல்லி நெட்டுருப் போடுவதைக் கேட்டிருக்கிறேன். ஒரு சமயம், பத்தியை முழுவதும் பிழையில்லாமல் எழுதிய ஒரு பையன், கோடிட்ட இரண்டு இடங்களையும் கோடுகளாகவே விட்டு வைத்திருந்தான். நிரப்ப வேண்டிய இடம் அது என்பதே அவனுக்குச் சொல்லப்படவில்லை. அந்தத் தாளை அவனிடம் திருப்பிக் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

அந்த வருஷத்தோடு அந்தப் பத்தியைக் கொடுப்பதை நிறுத்தினேன்.

நிறுத்துவது சுலபம். அதற்குப் பதிலாக எதை வைப்பது?

கோயம்புத்தூரில் பட்டறைகள் நிறைந்த ஒரு பகுதியில் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் லேத் ஓடுகிற சத்தம் கேட்கும். சென்ற வருஷம் 'இயந்திரங்களின் இரகசியம்' என்ற கிப்ளிங் கவிதையை நடத்திக்கொண்டிருந்தேன். இயந்திரங்களே பேசுவதாக அமைந்த பாட்டு அது. எங்களுக்கு அன்பு தெரியாது, இரக்கம் தெரியாது, மன்னிக்கத் தெரியாது, எங்களைக் கையாளுவதில் தவறினால் உயிர் போகும் என்று அவை மனிதனை எச்சரிக்கின்றன. வகுப்பில் மூன்றாம் வரிசையில் ஒரு பையன். பள்ளி விட்டதும் தகப்பனாருக்குப் பட்டறையில் சாப்பாடு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன். ஆங்கிலத்தில் நாற்பதை எட்டிப் பார்க்காதவன். அந்த வரிகளுக்கு வந்தபோது எழுந்து நின்றான்.

"எங்க மாமாவுக்குப் பவர் பிரஸ்ல ரெண்டு விரலு போயிருச்சுங்க சார். அத்தை அந்த மெஷினைப் போட்டுச் சபிச்சாங்க. மாமா சொன்னாரு, அது மேல கோவிச்சு என்ன பண்றது, அதுக்குப் பாவம் புண்ணியம் தெரியுமான்னு. இந்தப் பாட்டும் அதைத்தான் சொல்லுதுங்களா சார்?"

வகுப்பு முழுவதும் நிசப்தம். ஆமாம் தம்பி, அதைத்தான் சொல்கிறது என்றேன். அதற்கு மேல் என்னாலும் பேச முடியவில்லை.

அடுத்த மாதத் தேர்வில் அதே கவிதையின் ஒரு வரியைக் கொடுத்து, அதில் அமைந்துள்ள அணி எது என்று கேட்டிருந்தார்கள். உயிரற்றதை உயிருள்ளதாகப் பாவித்துச் சொல்லும் அணி என்பது விடை. ஆங்கிலத்தில் அது நீளமான சொல். அந்தப் பையன் அதில் மூன்று எழுத்துகளை விழுங்கிவிட்டான். நான் திருத்தவில்லை, திருத்தியவர் மதிப்பெண் தரவில்லை, விதிப்படி அவர் செய்தது சரிதான். அந்தக் கவிதைக்குள் அந்த வகுப்பிலேயே மற்ற எல்லோரையும்விட ஆழமாகப் போய் வந்த பிள்ளைக்கு, அந்தக் கவிதையில் கிடைத்தது பூஜ்யம். இதை யாரிடம் போய் முறையிடுவது? யாரும் தவறு செய்யவில்லையே!

அன்றிலிருந்து நான் செய்து பார்த்த சோதனைகள் சில. தோற்றவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

நமது தாளில் வழிகாட்டும் வரைபடக் கேள்வி ஒன்று உண்டு, இரண்டு மதிப்பெண், கட்டாய வினா. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற வழியை வெளியூர்க்காரர் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு உயிருள்ள கேள்வி! 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிக்கூடங்களில் என்.எஸ்.பிரபு என்ற அறிஞர் நடத்திய முயற்சி இவ்விடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. இலக்கணத்தை நேரே கற்பிக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற காரியங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்து, காரியத்தின் பொருட்டு மொழி தானே வந்து சேரட்டும் என்று அவர் விட்டுப் பார்த்தார். அதைப் பற்றி 1987-ல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் மொழியாசிரியர்களால் படிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு காரியம் நம் வினாத்தாளில் இருப்பது பெரிய பாக்கியம். ஆனால் அதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. நேரே போ, இடப்புறம் திரும்பு, இன்னும் கொஞ்சம் நட, வலப்புறத்தில் அது இருக்கும் என்று நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டோம். வரைபடம் எதுவானாலும் பிள்ளைகள் அந்த நான்கையே எழுதுகிறார்கள். வழியில் ஆறு குறுக்கிட்டாலும் நேரேதான் போகிறார்கள்.

சரி, எங்கள் தெருவையே வரைவோம் என்று தீர்மானித்தேன். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, மாரியம்மன் கோயில், மூலையில் பேக்கரி. ஒன்பதாம் வகுப்பில் 38 பேர், 19 ஜோடி. ஒருவரிடம் வழி குறித்த படம். மற்றவரிடம் வழி குறிக்காத படமும் ஒரு பென்சிலும். முதலாமவர் ஆங்கிலத்தில் வழி சொல்ல வேண்டும், இரண்டாமவர் கோடு இழுத்துக்கொண்டே போக வேண்டும். பென்சில் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மதிப்பெண்.

முதல் நாள் படுதோல்வி. எல்லோரும் கையைக் காட்டினார்கள், கண்ணைக் காட்டினார்கள், "இப்படிக்கா, இப்படிக்கா" என்று தமிழில் கிசுகிசுத்தார்கள். மறுநாள் முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்தேன். உடனே வகுப்பின் சத்தமே மாறிவிட்டது. கை உதவாது, கண் உதவாது, வாய் ஒன்றுதான் துணை என்றானபோது, அதுவரை என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசியிராத பிள்ளைகள் பேசினார்கள். ஒருவன் 'போ, போ, போ, நில், இடது' என்று ஐந்தே ஆங்கிலச் சொற்களில் தன் தோழனை ரேஷன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டான். வகுப்பில் முதலாவதாக வரும் பெண், நான்கு அழகான முழு வாக்கியங்களைச் சொன்னாள். அவளுடைய தோழியின் பென்சில் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் இறங்கியது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். எனக்கு மிகவும் வருத்தமாகப் போயிற்று, ஏனென்றால் தவறு அவளுடையது அல்ல. வாக்கியம் சரியாக இருந்தால் காரியம் முடிந்தது என்று அவளை நம்ப வைத்தது நாங்கள்.

இப்போது இந்தச் சோதனைக்கு வைத்த ஐந்து மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது? பென்சில் போய்ச் சேர்ந்ததற்கே ஐந்தும் என்றால், அந்தப் பையன் 'போ, போ' என்பதோடு ஆயுள் முழுவதும் நின்றுவிடுவான். வாக்கியத்துக்கே ஐந்தும் என்றால் பழைய கதைதான். வாரக்கணக்காக மாற்றி மாற்றிப் பார்த்து, சேர்ந்ததற்கு இரண்டு, வாக்கிய அமைப்புக்கு ஒன்று, வழி தவறியபோது சமாளித்து மீண்டும் வழிக்குக் கொண்டுவந்ததற்கு இரண்டு என்று நிறுத்தியிருக்கிறேன். அந்தச் சமாளிப்பைச் சோதிக்க ஓர் உபாயமும் கிடைத்தது: பாதி வழியில், கேட்கிறவருடைய படத்தின் மேல் மட்டும், 'பாதை மூடப்பட்டுள்ளது' என்று ஒரு சிறு அட்டையை வைத்துவிடுவேன். மனப்பாடம் செய்த வழி அங்கே முடிந்துபோகும். அட்டை வைத்த முதல் நாள், மிகவும் கூச்ச சுபாவம் உள்ள ஒரு சிறுமி, பென்சிலை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் யோசித்துவிட்டு, தொட்டிக்கு எந்தப் பக்கம் என்று தன் தோழியை ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள். மூன்றே சொற்கள். எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேவையின் பொருட்டு, ஆங்கிலத்தில் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. பென்சில் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று பார்க்க ஆங்கில ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. எங்கள் கணக்கு டீச்சரை உட்காரவைத்தேன். அவருடைய குறிப்பும் என்னுடையதும் அந்த வரையில் மாறவே இல்லை. உங்கள் பாடத்தில் திருத்துவது எப்போதும் ஆளுக்கு ஆள் மாறும், எங்கள் கணக்கில் அப்படி இல்லை என்று அவர் சொல்வது வழக்கம். அவரிடம் ஒரு பழைய ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னேன். 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர், உயர்நிலைப் பள்ளி மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாள்கள் இரண்டைப் பிரதி எடுத்து, வெவ்வேறு பள்ளிகளில் இருந்த ஆசிரியர்கள் பலரிடம் கொடுத்துத் திருத்தச் செய்தார்கள். ஒரே தாளுக்கு விழுந்த மதிப்பெண்களில், மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் இடையே முப்பதுக்கும் மேற்பட்ட வித்தியாசம் இருந்தது. ஆங்கிலம் என்பதால்தான் இப்படி என்று ஆக்ஷேபணை கிளம்பவே, மறுவருஷம் வடிவகணிதத் தாளை எடுத்துக்கொண்டு அதே சோதனையைச் செய்தார்கள். வித்தியாசம் அதைவிட அதிகமாகிவிட்டது! படிகளுக்கு மதிப்பெண் உண்டா, விடைக்கு மட்டுமா, படம் சுத்தமாக இல்லாவிட்டால் குறைக்கலாமா என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தர்மம். கணக்கு டீச்சர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம்முடைய பழைய கட்டு ஒன்றை எடுத்து என்னிடமே கொடுத்து, படிகளுக்கு நீங்கள் எவ்வளவு போடுவீர்கள் பாருங்கள் சார் என்றார்.

மனப்பாடத்தை நான் விரோதியாக எண்ணுகிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். தேவாரத்தையும் குறளையும் வாயில் போட்டுக்கொண்டே வளர்ந்த சமூகம் நம்முடையது. பொருள் தெரியாத வயதில் மனத்தில் விழுந்த செய்யுள், முப்பது வருஷம் கழித்து ஒரு துக்கத்தின்போது திடீரென்று கண் திறந்து பார்ப்பதை நானே அனுபவித்திருக்கிறேன். ஆகையால் தாளில் மனப்பாடச் செய்யுளுக்கு ஐந்து மதிப்பெண் இருப்பதை நான் ஆதரிக்கிறவன். என் மனத்தாங்கல் எல்லாம், செய்யுள் காதுக்கு உரியதாக இருக்க, நாம் அதைக் காற்புள்ளி எண்ணிக் குறைக்கிறோமே என்பதுதான். பிள்ளை வாயால் சொல்லிக் கேட்டால், எந்தச் சொல்லில் நிற்கிறான், எந்தச் சொல்லில் குரல் இறங்குகிறது என்பதிலேயே, புரிந்து சொல்கிறானா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் எப்படி என்று சிலர் கேட்கிறார்கள். 2015-ல் பாடத்திட்டம் மாறி 2017-ல் முதல் தேர்வு நடந்த அவர்களுடைய ஜி.சி.எஸ்.இ. முறையில், மொழி ஒரு பாடம், இலக்கியம் தனிப் பாடம். நூலைத் தேர்வறைக்குள் கொண்டுபோக முடியாது. ஆகவே அங்கேயும் பிள்ளைகள் மேற்கோள்களை நெட்டுருப் போடத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே என்னைக் கவர்ந்தது ஒன்று: அதுவரை பாடமாக நடத்தப்படாத ஒரு கவிதையைத் தேர்வறையில் கொடுத்து, இதைப் படித்து உனக்குத் தோன்றுவதை எழுது என்கிறார்கள். எந்தக் கைடும் முந்திக்கொள்ள முடியாத இடம் அது. நம்முடைய தாளிலும் எட்டு மதிப்பெண் பகுதியில் புதிய பத்தி ஒன்று வருகிறது. ஆனால் அதன் கேள்விகளுக்கு, கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதினாலே பெரும்பாலும் போதும் என்று ஆகிவிட்டது. அதையும் நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம்.

இனி இன்று மத்தியானம் நடந்தது.

அந்த நான்கு சொல் விடையையும், கைடு வாக்கியம் எழுதிய ஒரு விடையையும், எண்கள் தெரியாமல் மறைத்து, ஆசிரியர் அறையில் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மதிப்பெண் வேண்டாம், இரண்டில் எது மேல் என்று மட்டும் சொல்லுங்கள் என்று மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டேன். (இது என் சொந்த யோசனை அல்ல. 1927-லேயே தர்ஸ்டன் என்ற உளவியல் அறிஞர், ஒன்றைத் தனியே வைத்து எடை போடுவதைவிட, இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் மனிதமனம் கூர்மையானது என்பதை ஆதாரமாகக் கொண்டு ஓர் அளவைமுறையே வகுத்திருக்கிறார்.) இரண்டு பேர் நான்கு சொல் விடையைத் தொட்டார்கள். மூன்றாமவர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷமே உள்ள மூத்த ஆசிரியை, இரண்டையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தம்பி, எது மேல்னு எனக்கும் தெரியுது. ஆனா இந்தப் பிள்ளை நாளைக்குப் பொதுத்தேர்வுல இப்படியே எழுதி, அங்க திருத்துறவங்க கீயைப் பார்த்து அரை மார்க் போட்டா? முப்பத்தி நாலுல நின்னுட்டா? அந்தப் பாராவை நாம ஏன் கொடுக்க ஆரம்பிச்சோம்னு உனக்கு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. முப்பத்தைந்து இல்லாமல் பதினொன்றாம் வகுப்பும் இல்லை, ஐ.டி.ஐ.யில் விரும்பிய பிரிவும் எட்டாது என்ற நிலையில், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைக்கு ஏறிப் போக ஒரு பலகையாவது போடுவோம் என்ற கருணையில்தான் அந்தப் பத்தி பிறந்தது. மூத்த ஆசிரியையின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று சொல்ல மாட்டேன். பாதிப் பதில் இருக்கிறது. பலகை இருக்கட்டும், ஆனால் அது பிள்ளையின் சொந்தச் சொற்களால் ஆனதாக இருக்கட்டும். 'விடைபெற்றுப் போகிறவர்கள் கோபிப்பதில்லை' என்று எழுதிய கையைப் பிடித்து, அதற்கு ஒரு வினைச்சொல்லைப் போடு, பெர்லின் என்ற பெயரையும் சேர்த்துக்கொள் என்று சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அர்த்தமில்லாத எட்டு வாக்கியங்களை ஏற்ற ஒரு மாதம் ஆகிறது. இதை அவரிடம் சொன்னேன். "ஐந்து நிமிஷம், எத்தனை பிள்ளைக்கு?" என்றார்.

அந்தக் கணக்கில்தான் நான் நிற்கிறேன். என்னுடைய 38 பேரில், முதுகோடு முதுகு ஒட்டிய சோதனைக்கு ஜோடிக்கு நான்கு நிமிஷம் என்றாலும் 76 நிமிஷம், அதாவது இரண்டு பீரியடு. வழி சொல்பவரும் கேட்பவரும் இடம் மாறிக்கொண்டால் நான்கு பீரியடு. பாடத்தை முடிக்கவில்லையா என்று கேட்டுத் தலைமையாசிரியர் ஏற்கெனவே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டார். பக்கத்துப் பிரிவில் 60 பேர். கணக்கு டீச்சர் தமது ஓய்வு பீரியடைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் நன்றாகச் செய்த பிள்ளைகளையே எட்டாம் வகுப்புக்கு மேற்பார்வையாளர்களாக உட்காரவைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருந்தால், முக்கியமாக 60 பிள்ளைகள் உள்ள வகுப்பை வைத்திருப்பவர்கள், உங்கள் தெருவை ஒரு தாளில் வரைந்து ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். அட்டையை எந்த இடத்தில் வைத்தீர்கள், நேரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். இன்னும் பதினேழு தாள்கள் மேஜை மேல் இருக்கின்றன. நாளைக் காலை பத்து மணிக்குள் கட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளின் ஓரத்தில் மதிப்பெண்ணுக்குக் கீழே, 'இதை எழுதிய பிள்ளையை நான் பார்க்க விரும்புகிறேன்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.